கேமராவைப் பாக்காத மாயா

சினிமாவுல இருக்கியாப்பான்னு கேட்டீங்க. இந்தக் கேமராப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறுனா யாராச்சும் ஒருத்தர் கேட்டுருவாங்க. இல்லண்ணே. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, இதான் எடுக்குறேன். படிச்சது விஸ்காம். சினிமா எடுக்கத்தான் படிச்சேன். எடுக்க விடல. யாரு விடலன்னு கேக்குறீங்களா? உசிலம்பட்டி போறவரைக்கும் நேரம் இருக்குல்ல, சொல்றேன். நீங்க நியாயம் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல எம்மேல என்ன தப்பு இருக்குன்னு.

மதுரையில ஒரு காலேஜ். பேரு வேணாம். கடைசி வருசம் எல்லாரும் ஒரு குறும்படம் எடுத்துக் குடுக்கணும். எங்க குரூப்புல மூணு பேரு. நான் டைரக்சன், கேமரா. என் பேரு நவநீதன். ஃபர்ஹானான்னு ஒரு பொண்ணு, அவதான் எடிட்டிங். அப்புறம் சின்னமாயன். மாயன், மாயான்னுதான் கூப்புடுவோம்.

மாயனப் பத்திச் சொல்லணும். ஆளு நல்ல ஒசரம், நல்ல கறுப்பு. தாடி விட்டா கண்ணும் பல்லும்தான் தெரியும். ஆனா குணம் எப்படின்னா, கேண்டீன்ல எவனாச்சும் வந்து இவன இடிச்சுட்டான்னு வைங்க, இடிச்சவன் வாயத் தெறக்கிறதுக்குள்ள இவன் ரெண்டு தடவ சாரி சொல்லிருப்பான். அப்படி ஒரு ஆளு. விஸ்காம்ல அவனுக்கு ஒண்ணும் ஆசை கெடையாது. வேற எடம் கெடைக்கலன்னு சேந்தவன். அவனுக்குப் போலீசுதான். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டான். உடல் தகுதித் தேர்வு மட்டும்தான் பாக்கி. விடிஞ்சும் விடியாம கிரவுண்டுல ஓடிக்கிட்டு இருப்பான். நான் எந்திரிச்சு வர்றப்ப குளிச்சு, விபூதி பூசி, எனக்கும் சேத்து டிபன் வாங்கி வச்சிருப்பான். ஒரே ரூமு நாங்க.

திரில்லர் எடுக்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எங்க சாரு சொன்னாரு, "திரில்லர் எடுக்கணும்னா மொதல்ல நல்ல திரில்லராப் பாருங்கடா. எது உங்கள பயமுறுத்துச்சு, ஏன் பயமுறுத்துச்சுன்னு யோசிங்க. அப்புறம் உங்க ஊருல எது உங்கள பயமுறுத்துதுன்னு யோசிங்க. ரெண்டும் எங்க சேருதோ அங்கதான் உங்க கதை இருக்கு"ன்னாரு. மொதப் பாதிய நான் ஒழுங்காச் செஞ்சேண்ணே. என்னைய மாதிரி ஒருத்தனும் செஞ்சுருக்க மாட்டான். ரெண்டாவது பாதிக்குத்தான் நேரமில்லாமப் போச்சு.

ஒரு மாசம் பாத்தோம். கொரியாப் படம், ஸ்பெயின் படம், ஈரான் படம், மலையாளம், ஒண்ண விடல. நான் நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். "இங்க பாரு மாயா, கொலகாரன் முகத்தக் காட்டவே இல்ல, கால மட்டும் காட்டுறான் பாரு"ம்பேன். அவன் பக்கத்துல தூங்கிருப்பான். காலையில ஓடணும்ல. இதுலருந்து ஆரம்பம், அதுலருந்து முடிவு, இன்னொண்ணுலருந்து நடுவுல வர்ற திருப்பம்னு எடுத்துக்கிட்டேன். காப்பின்னு சொல்லாதீங்க. எல்லாரும் அப்படித்தான் கத்துக்குறாங்க. கொரியாக்காரன் கொலகாரனுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டிருந்தான், நான் அதக் கைலியா மாத்தினேன். அது என்னோடது இல்லையா?

ஃபர்ஹானா எல்லாத்தையும் கேட்டுட்டு, "நல்லாருக்கு நவநீ. ஆனா இதுல நம்ம எங்க இருக்கோம்?"னா. அவ ஒரு கதை வச்சிருந்தா. ஹாஸ்டல் பொண்ணு ஒருத்திக்குத் தெனமும் தெரியாத நம்பர்லருந்து மெசேஜ் வருது. இன்னைக்கு என்ன கலர் சுடிதார், எத்தன மணிக்கு ஜன்னலச் சாத்துனே, அப்படி. "இது நெசமா நடந்தது. எனக்கே நடந்தது"ன்னா. "நல்லாருக்கு, ஆனா விஷுவலா ஒண்ணும் இல்லையே ஃபர்ஹானா, ஒரு பொண்ணு போனப் பாத்துக்கிட்டே இருக்கத எவன் பாப்பான்?"னேன். அதுக்கப்புறம் அவ கதை ஏதும் சொல்லல.

என் கதை என்னன்னா, கொழந்தையக் கடத்துறவன். மொத சீனே சந்தை. ஒரு வெளிநாட்டுப் படத்துல பாத்தேண்ணே, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பெரிய சந்தை, அவ்வளவு கூட்டம், ஒருத்தன் பிள்ளையத் தூக்கிட்டு நடக்குறான், பிள்ள அழுது. ஒரே ஷாட்டு. வெட்டே கெடையாது. தூரத்துல ஒளிஞ்சு நின்னு எடுத்துருக்காய்ங்க. சந்தையில இருக்கிற ஒருத்தனுக்கும் அது சூட்டிங்னே தெரியாது. அதனால ஒவ்வொரு மொகமும் நெசம். அந்த மாதிரி ஒரு ஷாட்டு இருந்தாப் போதும், மெட்ராஸ்ல எவன்கிட்டயும் போயி நிக்கலாம்னு எனக்கு ஒரு இது.

கடத்துறவனா யாரப் போடுறது? மாயனத் தவிர வேற ஆளே இல்ல. நாங்க பாத்த படத்துல எல்லாம் அப்படித்தான இருப்பாய்ங்க. சொன்னதும் அவன் சிரிச்சான். "என்னையப் பாத்தா அப்படியாடா இருக்கு?"

"ஸ்க்ரீன்ல சும்மா மெரட்டும்டா. தாடிய மட்டும் எடுத்துறாத."

"போலீசு செலக்சன் வருதுடா. கை கால்ல ஏதாச்சும் அடிபட்டுறப் போகுது."

"ஒரு பிள்ளையத் தூக்கிட்டு நடக்கப் போற. இதுல என்னடா அடி?"

ஒத்துக்கிட்டான். எனக்காக எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல அவன்.

கொழந்தைக்கு வெளிய அலையல. எங்கக்கா மக யாழினி. திருமங்கலத்துல இருக்காங்க. அப்ப ஒண்ணாப்பு. சூட்டிங்னதும் அக்காவே பாவாட சட்ட போட்டு, பவுடர் அடிச்சு அனுப்பி விட்டா. ஊரும் பாத்து வச்சாச்சு. ஊர் பேரு வேணாம். திண்டுக்கல் தாண்டி ஒரு வாரச்சந்தை. ஓரமா பாதி கட்டி விட்ட ஒரு மண்டபம், அது மாடியில நின்னா சந்தை மொத்தமும் தெரியும். அந்தப் படத்துல பாத்த மாதிரியே இருந்துச்சு. நான் புல்லரிச்சுப் போயி நின்னேன்.

அப்ப வாட்சப்புல அந்தப் புரளி ஓடிக்கிட்டு இருந்த நேரம். பிள்ள பிடிக்கிறவங்க வடக்கயிருந்து எறங்கியிருக்காங்கன்னு. உங்களுக்கும் வந்திருக்கும். ஃபர்ஹானா, "ஊர்த் தலைவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம். ஸ்டேசன்லயும் சொல்லிருவோம். நேரம் சரியில்ல"ன்னா. சாரும் அதத்தான் சொல்லியிருந்தாரு. நான் யோசிச்சேன். சொல்லிட்டா என்ன ஆகும்? ஊரே கேமராவப் பாத்துப் பல்லக் காட்டும். அப்புறம் அந்த ஷாட்டுக்கு என்ன அர்த்தம்? "சொல்லியாச்சு"ன்னுட்டேன். எடுத்து முடிச்சதும் போயிச் சொல்லத்தான் போறோம், முன்னாடி சொன்னா என்ன, பின்னாடி சொன்னா என்ன? புரளி ஓடுறது கூட எனக்கு நல்லதுன்னுதான் பட்டுச்சு. கதை இன்னைய தேதிக்குப் பொருத்தமா இருக்கும்ல.

யாழினிக்கு மாயன அன்னைக்குத்தான் தெரியும். வேன்ல வர்றப்ப பக்கத்துல உக்கார விடல நான். பழகிட்டா அழுக வராதுல்ல. கொழந்தைங்கள வச்சு எடுக்குற பெரிய டைரக்டர்லாம் அப்படித்தான், முன்னாடியே சொல்ல மாட்டாங்க. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வச்சேன். "யாழி, இது கதை. இந்த மாமாவ உனக்குத் தெரியாது. யாரு கேட்டாலும், எத்தன தடவ கேட்டாலும், 'தெரியாது'ன்னுதான் சொல்லணும். சரியாச் சொன்னா ஐஸ்கிரீம்." கெட்டிக்காரப் பிள்ள. டக்குன்னு பிடிச்சுக்கிட்டா.

மாயனுக்கு அழுக்குக் கைலி, சாயம் போன சட்ட. தலையில கொஞ்சம் மண்ணு. "கூட்டத்துக்குள்ள நடந்துகிட்டே இரு. என்ன ஆனாலும் நிக்காத. முக்கியமா கேமராவப் பாக்காத மாயா. நீ ஒரு தடவ மேல பாத்தாலும் ஷாட்டு போச்சு"ன்னேன். "சரிடா"ன்னான். செல்போன வேன்லயே வச்சுட்டுப் போகச் சொன்னேன், அந்த மாதிரி ஆளு கையில டச் போன் இருந்தா நல்லாருக்காதுன்னு.

நானும் ஃபர்ஹானாவும் மாடியில. கேமராவச் சாக்கு போட்டு மூடி, லென்ஸ் மட்டும் வெளிய தெரியிற மாதிரி வச்சிருந்தேன். பெரிய லென்ஸு. தூரத்துல இருக்கிற ஆளு மூக்குல ஈ உக்காந்தாலும் தெரியும். ஆனா சத்தம் வராது. சத்தம் பின்னாடி சேத்துக்கலாம்னு இருந்தேன்.

கைய ஆட்டினேன். மாயன் பிள்ளையத் தூக்கினான். அண்ணே, அவ அழுதா பாருங்க, நடிப்பா அது? தக்காளிக் கடை, கருவாட்டுக் கடை, எல்லாத்தையும் தாண்டி வர்றான். வெயிலு சரியா அவன் பக்கவாட்டுல விழுது. ஒரு அம்மா திரும்பிப் பாக்குறாங்க. அப்புறம் ஒரு பெரியவரு. அந்த மொகங்கள்லாம் இருக்கே, காசு குடுத்து வாங்க முடியாது. எனக்கு மூச்சே நின்னு போச்சு. நான் பாத்த படத்த விட நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு.

ஒருத்தன் வந்து மறிச்சான். யாழினிகிட்டக் குனிஞ்சு ஏதோ கேட்டான். அவ தெரியாதுன்னு தலைய ஆட்டுறா. இன்னொருத்தர் கேட்டாரு. அதுக்கும் தலைய ஆட்டுறா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, அப்படியே. ஒரு பொம்பள வந்து பிள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போனாங்க. அப்புறம் கூட்டம் சேந்துருச்சு.

ஃபர்ஹானா, "நவநீ, அடிக்கிறாங்கடா"ன்னா.

"இரு, இரு"ன்னேன்.

ஏன் இருன்னேன்னா, எனக்கு அப்ப புரியலண்ணே. லென்ஸ் வழியாப் பாக்குறப்ப எல்லாம் படம் மாதிரித்தான இருக்கும்? தள்ளுமுள்ளுன்னுதான் நெனச்சேன். ஃபோகஸ் போயிறக் கூடாதேன்னு அதுலயே இருந்தேன். அப்பத்தான் மாயன் கூட்டத்துக்கு நடுவுலருந்து நிமிந்து கைய நீட்டி மேல காட்டுறான். நேரா லென்ஸப் பாக்குறான். வாய் அசையுது. சூட்டிங், சூட்டிங்னு சொல்லிருக்கான், பின்னாடிதான் தெரிஞ்சது. அவங்க திரும்பிப் பாத்தா மாடியில சாக்குத்தான தெரியும்?

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எத்தன தடவ சொல்லியிருப்பேன் கேமராவப் பாக்காதன்னு!

திரும்பிப் பாத்தா ஃபர்ஹானா பக்கத்துல இல்ல. கீழ ஓடிக்கிட்டு இருந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. நானும் எறங்கினேன். கேமராவக் கழட்டி, பையில வச்சுட்டுத்தான் எறங்கினேன். டிபார்ட்மெண்ட் கேமராண்ணே அது, அப்படியே விட்டுட்டு வர முடியுமா?

நான் போறப்ப ஃபர்ஹானா அவன் மேல குப்புற விழுந்து கெடந்தா. அவளுக்கும் அடி. "காலேஜ் பிள்ளைங்கய்யா, காலேஜ் பிள்ளைங்க"ன்னு கத்திக்கிட்டே இருந்தா. என் கழுத்துல கெடந்த ஐடி கார்ட எடுத்து நான் காட்டுனதுக்கப்புறம்தான் நின்னாய்ங்க. அப்படிப் பாத்தா நான்தான் காப்பாத்துனேன். இத யாரும் சொல்ல மாட்டாங்க.

வேன்ல அவனப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குப் போறோம். தலை ஃபர்ஹானா மடியில. அந்தப் பொம்பளகிட்டருந்து வாங்கிட்டு வந்து யாழினிய முன் சீட்டுல உக்கார வச்சிருந்தேன். என் சட்டையப் பிடிச்சு இழுத்து, "மாமா, நான் கரெக்டாச் சொன்னேன்ல?"ன்னு கேட்டா. "சொன்ன தங்கம்"னேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி ஐஸ்கிரீமும் வாங்கிக் குடுத்தேன். பிள்ளைகிட்டச் சொன்ன வாக்குல்ல.

வலது கண்ணு போச்சுண்ணே. தாடையில கம்பி வச்சாங்க. ஒரு காது அரையுங்குறையுமாத்தான் கேக்கும். செலக்சன் தேதிக்கு அவன் மதுரையில பெரியாஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தான். அவங்கம்மா பூக் கட்டி விக்கிறவங்க. வராண்டாவுல உக்காந்து, பூவே இல்லாம விரல மட்டும் கட்டுற மாதிரி அசைச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் தெனமும் போயி நின்னேன். இட்லி, எளநீர் எல்லாம் நான்தான். அது உங்களுக்குத் தெரியணும்.

போலீசு வந்துச்சு. கொஞ்சப் பேரப் பிடிச்சுட்டுப் போனாங்க. அந்த ஊர்க்காரங்க சொன்னாங்க, "பிள்ள தெரியாதுன்னு சொல்லுச்சு, நாங்க என்ன செய்யிறது?" அவங்களயும் ஒண்ணும் சொல்ல முடியலயே. கேசு இழுத்து இழுத்து ஒண்ணுமில்லாமப் போச்சு. காலேஜ்ல என்னைய விசாரிச்சாங்க. அனுமதி வாங்கினியான்னு கேட்டாங்க. ஃபர்ஹானா எனக்கு எதிரா எழுதிக் குடுத்துட்டா, சொல்லியாச்சுன்னு நான் பொய் சொன்னதா. ஒரு வருசம் நிறுத்தி வச்சுட்டாங்க. அந்தக் காலேஜ்ல இப்ப வரைக்கும் வெளிய போயி சூட்டிங் எடுக்கக் கூடாது. எல்லாப் பயலும் என்னையத்தான் திட்டுறாய்ங்க. ஃபர்ஹானா அதோட படத்த விட்டுட்டா. ஏதோ பேங்கு பரீட்சைக்குப் படிக்கிறாளாம்.

இதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. மாயன் மேல தப்பில்ல, அது சூட்டிங்தான்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு அந்த ஷாட்ட எங்க கிளாஸ் குரூப்புல போட்டேன். அவன் நல்லதுக்குத்தான் போட்டேன். எவனோ அத வெளிய விட்டுட்டான். எவன்னு இன்னும் தெரியல. சத்தம் இல்லாத வீடியோ பாருங்க, அதுக்கு மேல எவனோ எழுதிட்டான், பிள்ள பிடிக்கிறவன் சிக்கினான்னு. அவன் மொகம் தெளிவாத் தெரியும் அதுல. நல்ல லென்ஸு. அது போயிக்கிட்டே இருக்கு. வருசா வருசம் எங்கயாவது ஒரு பிள்ள காணாமப் போனா திரும்ப வரும். போன மாசம் கூட என் பெரியம்மா எனக்கே அனுப்புச்சு, பாத்து இருந்துக்கப்பான்னு.

மாயன் ஒரு மில்லுல வேலைக்குப் போனான். அந்த வீடியோ அங்க வந்துச்சு. நின்னுட்டான். திருப்பூர் போனான். அங்கயும் வந்துச்சு. ஊருக்கே, உசிலம்பட்டிக்கே வந்துட்டான். எங்கயாவது போகணும்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டுத்தான் போவான். நடந்து போறதுக்கே.

நான்தான் விடாமப் போயிப் பாப்பேன். அவனக் கண் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு தடவ மதுரைக்கு வரச் சொன்னேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். ஒரு சின்னப் பிள்ள, அம்மாவத் தொலைச்சுட்டு அழுதுக்கிட்டே வந்துச்சு. கூட்டத்துல வேற யாரையும் பிடிக்கல, நேரா வந்து மாயன் கால்சட்டையப் பிடிச்சுக்கிச்சு. அண்ணே, அவன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டான். பிள்ளையத் தொடல. விலகவும் இல்ல. அசையாம நிக்கிறான். பிள்ள அவன் காலக் கட்டிக்கிட்டு அழுது. அவன் எங்கிட்ட, "எடுத்துருடா, எடுத்துருடா"ங்குறான்.

பிள்ளைய எடுக்கத்தான் சொல்லிருக்கான். எனக்கு அப்ப அப்படிப் படல. கையில போன் இருந்துச்சு. கொஞ்சம்தான் எடுத்தேன். முதுகுப் பக்கம்தான், மொகம் தெரியாது. அதுக்குள்ள அந்தப் பிள்ளையோட அம்மா ஓடி வந்து வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டு, அவன ஒரு பார்வ பாத்துட்டுப் போனாங்க. அவன் கைய எறக்கவே இல்ல. நான்தான் பிடிச்சு எறக்கி விட்டேன். டாக்டருகிட்ட வரல. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டான். அதுக்கப்புறம் போன் எடுக்கிறதில்ல.

அதத்தான் மொத சீனா வச்சு ஒரு கதை எழுதியிருக்கேன். அவன் கதை. அவனே நடிக்கணும், வேற எவனும் அதச் செய்ய முடியாது. மெட்ராஸ்ல ஒருத்தரு நல்லாருக்குன்னுருக்காரு. இது வந்துட்டா அவன் மேல இருக்கிற பழியெல்லாம் போயிரும்ணே. அவனுக்காகத்தான் அலையுறேன். அத அவனுக்குப் புரிய வைக்கத்தான் இப்பப் போறேன். இது எத்தனாவது தடவன்னு எனக்கே நெனவில்ல.

போன தடவ போனப்ப கதவு சாத்தியிருந்துச்சு. தட்டினேன். அவங்கம்மா உள்ள இருந்துக்கிட்டே கேட்டாங்க, யாருன்னு. "நவநீம்மா"ன்னேன். கதவத் தெறக்கல. அப்புறம் சொன்னாங்க, "தம்பி, அவன் செத்துப் போயிட்டான்னு நெனச்சுக்கய்யா. நல்லாருப்ப, போயிரு."

அவன் செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. ரெண்டும் தெச மாறி, ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. உள்ள யாரோ மூக்க உறிஞ்சுற சத்தம். எனக்கு அழுக வந்துருச்சுண்ணே, பொய் சொல்லல. அங்கயே கொஞ்ச நேரம் நின்னேன். சாயங்கால வெயிலு கூரை ஓரத்துலருந்து எறங்கி, சரியா அந்தச் செருப்பு மேல மட்டும் விழுது. அப்படி ஒரு வெளிச்சம் நாளெல்லாம் காத்துக் கெடந்தாலும் கெடைக்காது. பையத் தெறந்துட்டேன்.